நாணயக் காப்பும் வியாபாரியின் நாணயமும்

சென்ற சில ஆண்டுகளாக நம்மவர் கடைகளில் ஒரு புதிய பேச்சு அடிபட்டு வருகிறது. முன்பெல்லாம் இரண்டு வியாபாரிகள் சந்தித்தால் சரக்கு விலை, கடை வாடகை, ஊரில் கட்டும் வீடு, பிள்ளைகளின் நிக்காஹ் என்று பேசிக்கொள்வது வழக்கம். இப்பொழுதோ கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கைப்பேசியைத் திறந்து, அமெரிக்கக் கம்பெனிப் பங்கு இன்று ஏறியதா, இறங்கியதா என்று பார்க்கிறார்கள். "அத்தா, சும்மா கிடக்கும் பணத்தை வெளிநாட்டு டெக்னாலஜி பங்குகளில் போட்டு வைக்கலாம். டாலர் விழுந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம், அதற்கும் காப்பு வைத்தே விற்கிறார்கள்" என்று மகன் சொல்கிறான். தகப்பனாருக்குச் சரி என்று சொல்ல மனமில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணமும் தெரியவில்லை. "ஆலிம்சாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்.

ஆலிம்சாவிடம் கேட்பது நல்லதுதான். ஆனால் கேட்கப்படும் சங்கதி இன்னதென்று கேட்பவனுக்கே விளங்காவிட்டால், வரும் பதிலும் விளங்காது. பங்கு வாங்கலாமா என்று கேட்டால் ஆலிம்சா அதற்குப் பதில் சொல்வார். அந்தக் 'காப்பு' எப்படி வைக்கப்படுகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார், அந்த விலை எதைக்கொண்டு நிர்ணயமாகிறது என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் வியாபாரிகளாகிய நாமே. நாம் மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக் கடைக்கு வந்தவர்கள். பத்வா சொல்லும் தகுதி நமக்கில்லை, சொல்லவும் துணியமாட்டோம். தராசு பிடித்த கைக்குத் தெரிந்த அளவில் இந்த விஷயத்தை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சரக்கு இன்னது

ஒரு மனிதர் தனியாக நூறு கம்பெனிகளின் பங்குகளை வாங்குவது சிரமம். ஆகவே பலருடைய பணத்தைத் திரட்டி, ஒரு பட்டியலில் உள்ள பங்குகளையெல்லாம் வாங்கி வைத்து, அந்தக் கூட்டுச் சொத்தின் துண்டுகளைப் பங்குச் சந்தையில் விற்கிறார்கள். இதைத்தான் ஈ.டி.எப். என்கிறார்கள். 1990-இல் கனடாவில் தொடங்கிய இவ்வழக்கம் 1993-இல் அமெரிக்காவுக்கு வந்தது. நாஸ்டாக் சந்தையிலுள்ள மிகப் பெரிய நூறு கம்பெனிகளைக் கொண்ட நாஸ்டாக்-100 என்ற பட்டியல் 1985-இல் ஏற்பட்டது. பாங்குகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் அதில் சேர்ப்பதில்லை. ஆப்பிள், மைக்ரோசாப்ட், என்விடியா போன்றவை அதில் முன்னணியில் நிற்பவை. பெயருக்கு நூறு கம்பெனி என்றாலும், பணத்தில் ஏறத்தாழப் பாதி பத்துக் கம்பெனிகளிலேயே நிற்கிறது. அந்தக் குவிப்பு மிதமிஞ்சிப் போனதால் 2023 ஜூலையில் பட்டியலை நடத்துவோரே தனியாக ஒரு திருத்தம் செய்து பங்குகளின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பங்குகளின் விலை டாலரில் நடக்கிறது. நம் பணம் வெள்ளி. டாலருக்கும் வெள்ளிக்கும் இடையே விலை மாறினால் பங்கு அசையாமல் நின்றாலும் நம் கணக்கு அசையும். அந்த அசைவை அடக்குவதாகச் சொல்லி விற்பதுதான் 'நாணயக் காப்பு'. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் நாஸ்டாக்-100 பட்டியலுக்கே அந்தந்த நாட்டு நாணயத்தில் காப்பு வைத்த ஈ.டி.எப்.கள் உண்டு. நம் மலேசியாவில் வெளிநாட்டு டெக்னாலஜி யூனிட் டிரஸ்டுகள் பலவற்றில் 'ரிங்கிட் ஹெட்ஜ்ட்' என்று தனி வகுப்பு வைத்து விற்கிறார்கள். பெயர் வேறானாலும் சரக்கு ஒன்றே.

பங்கு வாங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் முதல் போட, ஒருவர் உழைக்க, லாபத்தையும் நஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டு வியாபாரத்திலே வளர்ந்தவர்கள் நாம். கம்பெனிப் பங்கும் ஒரு வகைக் கூட்டுதான். எந்தக் கூட்டு கூடும் என்பதற்கு நம் நாட்டுப் பங்குச் சந்தைகளை மேற்பார்க்கும் ஆணையத்தின் மார்க்க ஆலோசனைச் சபை அளவுகோல் வைத்திருக்கிறது. வட்டி, மது, சூது போன்றவற்றிலிருந்து வரும் வருமானம் நூற்றுக்கு 5-ஐத் தாண்டக் கூடாது. வேறு சிலவற்றுக்கு 20 வரம்பு. வட்டிக் கடனும் வட்டியில் கிடக்கும் ரொக்கமும் தனித்தனியே சொத்தில் நூற்றுக்கு 33-க்குக் கீழே இருக்க வேண்டும். உலகப் பங்குகளுக்கும் இவ்விதமாகச் சலித்தெடுத்த பட்டியல்கள் உண்டு. ஆகவே 'பங்கு' என்ற பாதிக்கு வழி இருக்கிறது. நம்மைத் தடுத்து நிறுத்தும் கேள்வி 'காப்பு' என்ற மறுபாதியில் இருக்கிறது.

நாணயம் ஆடியதை நாம் கண்டவர்களே

நாணய விலை ஆடுவது நமக்குப் புதிய அனுபவம் அன்று. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாணய மாற்றுத் தொழிலை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறார்கள். சிங்கப்பூரின் சேஞ்ச் ஆலியில் நம்மவர்கள் கையில் நோட்டுக்கட்டோடு நின்று உலக நாணயங்களையெல்லாம் மாற்றிக் கொடுத்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு 1945-இல் வெறும் காகிதமாயிற்று. பெட்டி நிறைய நோட்டு வைத்திருந்தவரும் பிச்சைக்காரரும் ஒரே நாளில் சமமானார்கள். 1966 ஜூன் 6-ஆம் தேதி இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, ஒரு டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆயிற்று. முதல் வாரம் ஊருக்குப் பணம் அனுப்பியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அனுப்பத் தாமதித்தவர் அதிர்ஷ்டசாலியானார். மறு ஆண்டு நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பை நூற்றுக்கு 14.3 குறைத்தது. அந்த ஜூன் மாதம்தான் புதிய மலேசிய நோட்டு வெளிவந்திருந்தது. புதிய நோட்டு தப்பித்துக்கொண்டது. பவுனோடு கட்டப்பட்டிருந்த பழைய மலாயா நோட்டு கூடவே விழுந்தது. பழைய நூறு வெள்ளிக்குப் புதிய 85 வெள்ளி என்றார்கள். வீட்டில் பழைய நோட்டைச் சேர்த்து வைத்திருந்த ஏழைகளே அதிகம் அடிபட்டார்கள். பினாங்கில் கடையடைப்பு நடந்து, கலவரமாக முடிந்தது.

பிறகு 1997 வந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளி என்றிருந்த விலை 1998 ஜனவரியில் 4.88 வரை போயிற்று. அந்த ஆண்டு செப்டம்பர் 2-ஆம் தேதி 3.80 என்று அரசாங்கம் நிலைநிறுத்தியது. அந்த நிலை 2005 ஜூலை 21 வரை நீடித்தது. டாலரில் கொடுக்க வேண்டிய பாக்கியோடு அந்த ஆண்டில் மாட்டிக்கொண்ட இறக்குமதி வியாபாரிகள் எத்தனை பேர்! அண்மையில் 2024 பிப்ரவரியில் டாலர் ஏறத்தாழ 4.80 வெள்ளிக்கு ஏறியது. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 4.12 அளவுக்கு இறங்கியது. ஏழே மாதத்தில் நூற்றுக்கு 14. பிப்ரவரியில் அமெரிக்கப் பங்கு வாங்கியவருக்குப் பங்கு விலை ஏறியும், அந்த ஏற்றத்தை நாணயத்தின் இறக்கம் விழுங்கிவிட்டது.

ஆகவே நாணயக் காப்பைத் தேடும் பிள்ளைகளைப் பேராசைக்காரர் என்று ஏசுவது நியாயமல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்ற உபதேசத்தைச் சிறு பிராயத்திலேயே ஓதியவர்கள் நாம். ஆபத்துக்கு முன்னேற்பாடு செய்வது ஈமானுக்குக் குறைவாகாது. கட்டும் கயிறு எதனால் திரிக்கப்பட்டது என்பதே கேள்வி.

காப்பின் உள்ளே

ஒரு கணக்கைப் பார்ப்போம். டாலர் விலை 4.50 என்று வைத்துக்கொள்வோம். 45,000 வெள்ளி கொடுத்தால் நிதிக்காரர் 10,000 டாலருக்குப் பங்கு வாங்குவார். அதே சமயம் ஒரு பாங்கோடு வேறொரு ஒப்பந்தம் செய்துகொள்வார். "இன்றைக்கு ஒரு மாதம் கழித்து உமக்கு 10,000 டாலர் தருகிறேன், ஒரு டாலருக்கு 4.49 வெள்ளி நீர் தர வேண்டும்" என்பது ஒப்பந்தம்.

மாத முடிவில் டாலர் 4.30-க்கு இறங்கினால், பங்கு அசையாமல் இருந்தாலும் 2,000 வெள்ளி நஷ்டம். ஆனால் ஒப்பந்தத்தில் 1,900 வெள்ளி லாபம். டாலர் 4.70-க்கு ஏறினால் பங்கில் 2,000 லாபம். ஒப்பந்தத்தில் 2,100 நஷ்டம். எப்படிப் போனாலும் கணக்கு 44,900-இல் வந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் இப்படியே புதிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போவார்கள்.

45,000 போட்டு 44,900 வந்ததே, அந்த 100 வெள்ளி எங்கே போயிற்று? காப்புக்கு விலையாகப் போயிற்று. இன்றைய விலை 4.50 ஆக இருக்க, அடுத்த மாத விலையை ஏன் 4.49 என்று வைத்தார்கள்? டாலர் இறங்கும் என்று பாங்குக்காரருக்கு இல்ஹாம் வந்துவிடவில்லை. அமெரிக்காவில் வட்டி அதிகம், இங்கே வட்டி குறைவு என்றால், அந்த இரண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு குறைத்து முன்விலை வைப்பார்கள். இதுவே உலக வழக்கம்.

2023 ஜூலையிலிருந்து 2024 செப்டம்பர் வரை அமெரிக்க மத்திய பாங்கின் வட்டி நூற்றுக்கு 5.25-லிருந்து 5.50 வரை. அதே சமயம் நம் பேங்க் நெகாராவின் விகிதம் 3. ஆகவே வெள்ளியில் காப்பு வைத்தவர் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டுக்கு மேல் விலை கொடுத்தார். நிதியின் கட்டணம் இதற்கு வெளியே. 2020-இலும் 2021-இலும் நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் வட்டி ஏறத்தாழ இல்லை. இங்கே 2020 ஜூலையிலிருந்து 1.75. அப்பொழுது காப்பு வைத்தவர் விலை கொடுக்கவில்லை. அவருக்கே மேற்கொண்டு பணம் வந்தது.

அந்த மேல்வரவு என்ன? பங்குக் கம்பெனி உழைத்துக் கொடுத்த லாபமா? இல்லை. டாலர் ஏறியதால் வந்ததா? அதுவும் இல்லை. இரண்டு நாட்டு வட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி பணமாகி வந்தது. பாங்கில் பணம் போட்டு வட்டி வாங்கமாட்டோம் என்று முன்வாசலை அடைத்துவிட்டு, பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. நம் நாணய மாற்றுக் கடைகளில் என்ன நடக்கிறது? ஒரு கை நோட்டைக் கொடுக்கிறது. மறு கை நோட்டை வாங்குகிறது. இருவரும் பிரிவதற்கு முன் கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை நடக்க வேண்டும் என்ற மார்க்க விதிக்கு நம் பெரியவர்கள் கடைப்பலகையிலேயே பாடம் நடத்தி வந்திருக்கிறார்கள். முன்விலை ஒப்பந்தத்திலோ இவரும் இன்று கொடுப்பதில்லை, அவரும் இன்று கொடுப்பதில்லை; இரண்டு பக்கமும் பாக்கி. சாதாரண முன்விலை ஒப்பந்தத்தை உலமாக்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுவே.

இதற்கு ஒரு மாற்று வழி இருப்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் "இன்ன தேதியில் இன்ன விலைக்கு மாற்றிக்கொள்வேன்" என்று வாக்குக் கொடுப்பது. தேதி வந்ததும் அன்றைக்குக் கைக்குக் கை மாற்றிக்கொள்வது. 'வஅத்' என்னும் ஒருதலை வாக்கை அடிப்படையாகக் கொண்ட இம்முறையை நம் பேங்க் நெகாராவின் மார்க்க ஆலோசனைச் சபை ஏற்றுக்கொண்டிருக்கிறது. வேறு நாடுகளில் தயங்கும் உலமாக்களும் உண்டு. ஏற்றவர்களைப் பின்பற்றுவோரை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் வாங்குபவர் தம் காப்பு எந்த முறையில் வைக்கப்பட்டது என்று கேட்டறிந்திருக்க வேண்டும். நிதியின் பங்குகள் மட்டும் சலித்தெடுக்கப்பட்டுக் காப்பு சாதாரண ஒப்பந்தமாகவே இருந்தால், பாதிப் பாத்திரத்தைக் கழுவி அதில் முழுச் சோற்றையும் போட்டது போலாகும்.

கடனுக்குக் காப்பு, ஆசைக்குக் காப்பு

"காப்பு இல்லாமல் டாலர் சொத்து வைத்திருப்பதும் டாலர் மேல் சூதாடுவதுதானே?" என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான கேள்வி. பதில் சொல்லாமல் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைக்கிறார். 90 நாளில் 20,000 டாலர் கொடுக்க வேண்டும். தொகை தெரியும், தேதி தெரியும், கொடுக்காவிட்டால் வாக்குத் தவறும். டாலர் ஏறினால் அவர் லாபம் போய் முதலும் போகும். அவர் காப்புத் தேடினால் அது தம் வாக்கைக் காப்பது. கூடுமான முறையில் செய்துகொண்டால் அதைவிட நல்ல காரியம் வேறில்லை.

டெக்னாலஜி பங்கு வாங்குபவருக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் இல்லை, தேதியும் இல்லை. விலை ஏறும் என்ற ஆசை இருக்கிறது. அந்த ஆசைக்கு ஒரு பக்கத்தில் வேலி கட்டுகிறார். ஆசைப்படுவது குற்றமல்ல, ஆனால் கடனுக்குள்ள அவசரத்தை ஆசைக்குக் கொடுக்கக் கூடாது. அவசரத்துக்கு மார்க்கம் தரும் சலுகையை ஆசைக்காக உபயோகிப்பது நாணயமான காரியமல்ல.

சூதாட்டம் என்பது இல்லாத ஆபத்தைப் பணயத்துக்காக உண்டாக்குவது. சொத்து வாங்கியவனுக்கு ஆபத்து அதோடு கூடவே வருகிறது. கடை வாங்கினால் தீப்பிடிக்கும் ஆபத்தும் கூட வரும். அதனால் கடை வாங்கியவன் சூதாடி ஆகிவிடுவதில்லை. லாபம் கேட்பவன் நஷ்டத்துக்கும் தோள் கொடுக்க வேண்டும் என்பது நம் வியாபார விதி. அந்நிய நாட்டுச் சொத்துக்கு அந்நிய நாணயத்தின் ஏற்ற இறக்கம் உடன்பிறந்தது.

அதோடு, இந்தக் காப்பு எதைக் காக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் இருந்தாலும் அதன் விற்பனையில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு வெளியே நடக்கிறது. யூரோவிலும் யென்னிலும் சீன நாணயத்திலும் பணம் வருகிறது. டாலர் அங்கே தராசின் பெயர். தட்டிலுள்ள சரக்கு முழுதும் டாலர் அல்ல. தராசின் பெயருக்குக் காப்பு வைத்துவிட்டுச் சரக்குக்கே காப்பு வைத்ததாக நினைப்பது தவறு.

சில சமயம் காப்பு துணையையே துரத்திவிடுகிறது. 2022-ஆம் ஆண்டில் நாஸ்டாக்-100 மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அந்த ஆண்டு டாலர் 4.17 வெள்ளியிலிருந்து 4.40-க்கு ஏறியது. காப்பில்லாதவருக்கு நூற்றுக்கு 33 நஷ்டம் 29 அளவில் நின்றது. காப்பு வைத்தவர் முழு நஷ்டத்தையும் சுமந்தார். உலகம் பயப்படும் காலங்களில் மக்கள் டாலரைத் தேடி ஓடுவதால், பங்கு விழும்போது டாலர் ஏறுவது பல முறை நடந்திருக்கிறது.

ஹஜ்ஜுக்குச் சேர்ப்பவரை எடுத்துக்கொள்வோம். சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஹாஜியாக நினைப்பவர் மக்காவிலும் மதீனாவிலும் செய்யப் போகும் செலவு, உண்மையில் டாலர் செலவு. அவர் டாலரில் உள்ள சேமிப்பை வெள்ளிக்குக் காப்பு வைத்தால் என்ன ஆகும்? வெள்ளி விழுந்தால் செலவு ஏறும், சேமிப்பு ஏறாது. காப்பு என்று சொல்லி ஆபத்தையே வாங்கியவர் ஆவார். வட்டிக்குப் பயந்து பணத்தை வீட்டில் புதைத்தும், நிலத்தை விற்றும் ஹஜ்ஜுக்குப் போன மலாய்க் கிராமத்து ஏழைகளுக்காக 1959-இல் உங்கு அஸீஸ் ஒரு திட்டம் எழுதினார்; 1963-இல் ஹஜ்ஜுச் சேமிப்பு நிலையம் தொடங்கியது. இன்றைய தாபுங் ஹாஜிக்கு அதுவே வேர். பணம் எந்தக் காரியத்துக்கு வேண்டியது என்று முதலில் கேட்டு, பிறகு அதை வைக்கும் இடத்தைத் தேடினார்கள். அந்த வரிசையை நாம் இப்பொழுது மாற்றிவிட்டோம்.

எத்தீம்களின் பணம்

இந்த விஷயத்தில் மிகக் கடினமான இடத்துக்கு இப்பொழுது வருகிறோம். நம்மில் பலர் கையில் நம் பணம் மட்டும் இருப்பதில்லை. கணவரை இழந்த சகோதரியின் பணம் இருக்கும். தகப்பனை இழந்த பிள்ளைகளின் பங்கு இருக்கும். ஊர்ப் பள்ளிவாசல் கட்டடத்துக்குச் சேர்த்தது இருக்கும்.

தம்பியின் பிள்ளைகளுக்கு 60,000 வெள்ளி நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சும்மா வைத்தால் விலைவாசி ஒரு பக்கம் அரிக்கும். எத்தீம்களின் பொருளைச் சும்மா வைத்து ஸகாத்தே கரைத்துவிடும்படி விடாதீர்கள், வியாபாரத்தில் போடுங்கள் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கப் பங்கில் போட்டால் 2024-இல் நடந்தது போல் டாலர் இறங்கி, பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் பணம் குறைந்து நிற்கும். "அப்படியானால் காப்பு வைத்ததை வாங்குவோம், நம் பணமானால் துணியலாம், எத்தீம்களின் பணத்துக்குக் காப்பு வேண்டாமா?" என்று மனம் சொல்லும். நல்லெண்ணத்தால் வரும் யோசனை இது. காப்புக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய வாதங்களில் இதைவிடப் பலமானது இல்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாணயம் ஏழு மாதத்தில் நூற்றுக்கு 14 ஆடியது, அதற்குப் பயந்தோம். பங்கு ஆடுவது எவ்வளவு? 2000 மார்ச்சில் நாஸ்டாக் சந்தையின் எண் 5,048. 2002 அக்டோபரில் 1,114. நூறு வெள்ளி 22 வெள்ளியாயிற்று. பழைய உயரத்துக்கு அது திரும்பி வந்தது 2015-இல். பதினைந்து ஆண்டு! அப்பொழுது பத்து வயதுப் பிள்ளை இருபத்தைந்து வயது ஆகியிருக்கும். எந்த நாணயக் காப்பும் அந்த வீழ்ச்சியில் ஒரு காசைக்கூடக் காத்திராது. அது நாணயத்துக்குக் காப்பு. பங்குக்குக் காப்பு அல்ல.

இங்கேதான் நம் முடிவு தெளிவாகிறது. பதினான்கு வெள்ளி ஆட்டத்தைத் தாங்க முடியாத பணம், எழுபத்தெட்டு வெள்ளி வீழ்ச்சியை எப்படித் தாங்கும்? தாங்காது. அப்படிப்பட்ட பணம் அங்கே போகவே கூடாது. காப்போடும் கூடாது, காப்பின்றியும் கூடாது. மறுபக்கத்தில், பதினைந்து ஆண்டு காத்திருக்கக் கூடிய பணம், போனாலும் நம் பிள்ளைகள் பட்டினி கிடக்காத பணம் இருக்குமானால், அது நாணயத்தின் ஆட்டத்தையும் தாங்கும். அதற்கு வட்டிக் கணக்கில் விலை வைத்த கயிறு தேவையில்லை. காப்பு இல்லாமல் நமக்குத் தூக்கம் வராது என்றால், அந்தப் பணம் தவறான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கயிற்றைத் தேடுவதற்கு முன் இடத்தை மாற்ற வேண்டும்.

நாணய விலை ஏறும் இறங்கும் என்பது நமக்குப் பரம்பரையாகத் தெரிந்த ஆபத்து. கம்ப்யூட்டர் சில்லு செய்யும் கம்பெனியின் எதிர்காலம் நமக்குத் தெரியாத ஆபத்து. தெரிந்ததற்கு விலை கொடுத்து விலகிக்கொண்டு, தெரியாததை முழுமையாக மடியில் கட்டிக்கொள்வதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவதாக, பணத்தைப் பிரித்து வைக்க வேண்டும். சரக்குப் பாக்கி, வேலையாட்கள் சம்பளம், ஸகாத், அமானிதம் ஆகியவை ஒரு பக்கம். இவற்றில் ஒரு வெள்ளியும் பங்குச் சந்தைக்குப் போகலாகாது. மீதியில், நெடுங்காலம் தொடவேண்டாத பணம் எது என்று பார்த்து, அதில் ஓர் அளவை மட்டும் சலித்தெடுத்த பங்குகளில் போட விரும்புவோர் போடலாம்.

இரண்டாவதாக, விற்பவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். காப்பு எந்த ஒப்பந்தத்தால் வைக்கப்படுகிறது? சென்ற ஆண்டு அதற்கு எவ்வளவு செலவாயிற்று? காப்பையும் சேர்த்து மார்க்க ஆலோசகர்கள் பார்த்தார்களா, பங்குகளை மட்டும் பார்த்தார்களா? பதில் சொல்ல முடியாதவரிடம் சரக்கு வாங்க வேண்டாம். அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்காமல் வாங்காதவர்கள் நாம். இதில் மட்டும் ஏன் வெட்கம்?

மூன்றாவதாக, நம்மில் யாரும் இன்னொருவருக்கு இதைச் சிபாரிசு செய்யும்போது "காப்பு உண்டு, பயமில்லை" என்ற ஒரே வார்த்தையில் முடிக்கக் கூடாது. எதற்குக் காப்பு, எதற்குக் காப்பில்லை என்று இரண்டையும் சொல்ல வேண்டும். சரக்கின் குறையை மறைத்து விற்பது குற்றமென்றால், சரக்கின் பெயரை உயர்த்திச் சொல்வதும் அதன் தம்பிதான். சங்கத்தில் பெரியவர் ஒருவர் சொன்னார் என்று நம்பித் தம் கைப்பணத்தைக் கொடுக்கும் விதவைப் பெண், அறிக்கையின் சிறிய எழுத்துகளைப் படிக்கமாட்டார். நம் முகத்தைத்தான் படிப்பார்.

நான்காவதாக, வாரிசுகளுக்கு விளங்கும்படி எழுதி வைக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனும் அங்கே குடியிருப்பவரும் அல்லாத ஒருவர், அமெரிக்கப் பங்குகளையோ அமெரிக்காவில் பதிவான ஈ.டி.எப்.களையோ தம் பெயரில் நேரடியாக வைத்திருந்து மவுத்தாகி, அவற்றின் மதிப்பு 60,000 டாலரைத் தாண்டினால், அந்நாட்டு மரண வரி குறுக்கிடும்; உச்ச விகிதம் நூற்றுக்கு 40. அயர்லாந்தில் பதிவானவற்றுக்கு அது இல்லை. பங்கு பிரிக்க உட்காரும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போனால், பாகப்பிரிவினைக்கு முன்பே பாதிக்குப் பக்கம் போய்விடும்.

'நாணயம்' என்ற ஒரு சொல்லுக்கு நம் மொழியில் காசு என்றும் பொருள், நேர்மை என்றும் பொருள். காசின் விலை லண்டனிலும் வாஷிங்டனிலும் எடுக்கும் முடிவால் ஏறும், இறங்கும். அதைத் தடுக்க நம் கையில் ஒன்றுமில்லை. மற்றதன் விலை நம் கல்லாவில் நிர்ணயமாகிறது. மகன் கேட்டால் அவனை ஆலிம்சாவிடம் அனுப்புவதற்கு முன், அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பணம் எங்கே போகிறது, யாருக்காக வைக்கப்பட்டது, அதை ஆட்டக்கூடியவை எவை என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவன் சொல்லிவிட்டால் தகப்பனும் மகனுமாக ஆலிம்சாவிடம் போங்கள். சொல்ல முடியாவிட்டால், சொல்ல முடியும் நாள் வரை பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். அல்லாஹ் நம் தேட்டத்தில் பரக்கத்தையும், நம் நாவில் உண்மையையும் தந்தருள்வானாக.